ஒரே வீட்டுக் கண்ணாடி

வெள்ளிக்கிழமை மாலை ஆறு பத்துக்கு ஜலஜா அந்த வீடியோவை இன்ஸ்டாகிராமில் போட்டாள். சனிக்கிழமை காலை பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தபோது பதினோராயிரம் பேர் அதைப் பார்த்திருந்தார்கள். அதுவரை அவள் போட்ட எதையும் எண்ணூறு பேருக்கு மேல் பார்த்ததில்லை. அந்த எண்ணூறில் பாதி மேற்கு மாம்பலத்துச் சொந்தக்காரர்கள்.

வீடியோ ஒன்றரை நிமிடம் ஓடும். முதலில் ஒரு பெண்ணின் கைகள் மரச் சட்டத்தில் வரிசையாக நிற்கும் பழைய ஜன்னல் கண்ணாடிகளை ஒவ்வொன்றாக உருவி எடுக்கின்றன. அறுக்கின்றன. அச்சுக்குள் அடுக்குகின்றன. உலையின் கதவு மூடுகிறது. அது திறக்கும்போது மூன்று நாள் ஆகியிருக்கிறது. உள்ளேயிருந்து வெளியே வருவது ஒரு மீன் வலை. கரையில் இழுத்துக் குவித்துப் போட்ட வலை, அப்படியே கண்ணாடியாக. ஒவ்வொரு முடிச்சும் புடைத்து நிற்கிறது. கண்ணிகளின் பள்ளத்தில் வெளிச்சம் தேங்கிப் பச்சையாக இருக்கிறது. கடைசிப் பத்து நொடிக்கு ஒரு கை அந்த முடிச்சுகளின் மேல் மெதுவாக ஊர்கிறது. கீழே ஒரே வரி: "பார்க்க மட்டுமல்ல, தொடவும்."

கருத்துகள் குவிந்து கிடந்தன. "அக்கா, இது ஜவ்வரிசி வத்தலா?" "எங்க வீட்டு பாத்ரூம் ஜன்னல்ல இதே டிசைன் இருக்கு ஆன்ட்டி." "உடைஞ்சா யாரு கூட்றது?" நல்ல வார்த்தைகளும் நிறைய இருந்தன. யாரோ ஒருவர் மட்டும் உன்னிப்பாகப் பார்த்திருந்தார்: "நாற்பத்தோராவது நொடியில ரெண்டு கண்ணாடியை எடுத்துப் பாத்துட்டு ஒதுக்கி வெச்சீங்களே, ஏன்?" ஜலஜா அவருக்கும் ஒரு சிரிப்பு முகத்தைப் போட்டாள். காலையிலிருந்து எல்லாருக்கும் அதையேதான் போட்டுக்கொண்டிருந்தாள்.

சாந்தோம் கடற்கரையில் மீன் விற்கும் ரத்னா எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவள் அல்ல. அவள் கொடுத்த பழைய வலையை வைத்துத்தான் ஜலஜா அச்சு எடுத்திருந்தாள். அவளிடமிருந்து குரலாகவே வந்திருந்தது. "யக்கா, இன்னாக்கா இது! நம்ம கிழிஞ்ச வலையா இம்மாம் சோக்கா கீது? எங்க வூட்டுக்காரரு பாத்துட்டு, 'இத்த ஏன்டி தூக்கிக் குடுத்த, நான் தச்சுக்கினு இருந்திருப்பேனே'ன்றாரு. ஆறு மாசமா மூலைல கெடந்துச்சு, அப்ப தைக்கல. திங்கக்கெழம நானும் வர்றேன், ஆமா. என் வலை எங்க போய்க் குந்தப் போவுதுன்னு நான் பாக்க வாணாவா?"

அது குந்தப்போகிற இடம் அடையாறில் இருந்தது. கண்பார்வை குறைந்த குழந்தைகளுக்கான ஒரு சின்னப் பள்ளி. முப்பத்திரண்டு பிள்ளைகள். அங்கே ஆசிரியையாக இருக்கும் ஸஹானா, ஜலஜா முன்பு செய்திருந்த ஒரு கண்ணாடி இலையை இணையத்தில் பார்த்துவிட்டு, வாசலில் வைக்கப் பெரிதாக ஒன்று கேட்டிருந்தாள். "உள்ள வந்ததும் பசங்க கை வைக்கிற மாதிரி இருக்கணும். கண்ணுக்கு அழகா இருக்கறது ரெண்டாம்பட்சம்." திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அதை வாசலில் நிறுத்துவதாக ஏற்பாடு.

ஜலஜாவுக்கு நாற்பத்தொன்பது வயது. கவின்கலைக் கல்லூரிப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. மயிலாப்பூரில் கண்ணாடியும் பிளைவுட்டும் விற்கிற கடையில் இருபத்தொரு வருஷம் பில் போட்டாள். கண்ணாடி அறுக்கிறவர் திங்கட்கிழமைகளில் தாமதமாக வருவார். வாடிக்கையாளர்கள் உடைந்த துண்டைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். இதே மாதிரி வேண்டும், உடனே வேண்டும் என்பார்கள். ஒரு திங்கட்கிழமை பொறுமையிழந்து அவளே கட்டரைக் கையில் எடுத்தாள். சரியாகக் கீறினால் பட்டுத்துணி கிழிவதுபோல ஒரு சத்தம் வரும், தப்பாகக் கீறினால் பல் கூசும். ஒரே மாதத்தில் அவளுக்கு அந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டது.

கடை ஊருக்கு வெளியே இடம் மாறியபோது அவள் வேலையை விட்டாள். அதே சமயத்தில் அடையாறில் ஒரு மண்பாண்ட வகுப்பைக் காலி செய்தார்கள். அவர்களுடைய மின்சார உலையை வாங்கிக் குட்டியானை வண்டியில் ஏற்றி வந்தாள். நாலு பேர் மூச்சிரைக்க அதை மூன்று மாடி தூக்கி, மொட்டைமாடி அறையில் வைத்தார்கள். எதிர்வீட்டுக்காரர் பால்கனியில் நின்று, "என்னம்மா, பேக்கரி போடறீங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். கண்ணாடி என்று தெரிந்ததும் அவருக்கு முகம் வாடிவிட்டது.

முதல் வருஷம் எதைச் செய்தாலும் வெடித்தது. உலையில் இருந்து எடுக்கும்போது நன்றாக இருக்கும். நாத்தனாருக்கு ஆசையாக ஒரு பேப்பர்வெயிட் செய்து கொடுத்தாள். இரண்டு மாதம் கழித்து, யாரும் தொடாமல், ஃபிரிட்ஜின் மேல் வைத்த இடத்திலேயே டொக்கென்று இரண்டானது. நாத்தனார் அதைக் கண்திருஷ்டி என்றாள். ஜலஜா துண்டுகளை வாங்கி வந்து தேடிப் படித்தாள். எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. வேறு வேறு கண்ணாடிகள் உலைச் சூட்டில் ஒட்டிக்கொள்ளும். ஆறும்போது ஒன்று கொஞ்சம் கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், மற்றது விடாது. அந்த இழுபறி வெளியே தெரியாமல் உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். என்றைக்காவது ஒரு நாள் முடிவுக்கு வரும்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஒரு சட்டம். ஒரு வேலைக்கு ஒரே வீட்டுக் கண்ணாடி. பழைய வீடுகளை இடிக்கிற இடத்தில் ஜன்னல் கண்ணாடிகளைக் கேட்டு வாங்குவாள். ஒரு வீட்டுக்கு ஒரே சமயத்தில் ஒரே இடத்தில் வாங்கியிருப்பார்கள், அதனால் பயமில்லை. எந்த வீட்டுக் கண்ணாடி என்று ஒவ்வொன்றின் மூலையிலும் மார்க்கரால் எழுதிவைப்பாள். இப்போது மாடியில் இரண்டு வீடுகள் இருந்தன. பக்கத்துத் தெருவில் இடித்த மாம்பலம் வீட்டுக்கு 'ம'. ஆதம்பாக்கம் வீட்டுக்கு 'ஆ'.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கு ஸஹானா போன் செய்தாள்.

"வீடியோ பாத்தேன் ஆன்ட்டி. எங்க ஸ்டாஃப் ரூம் ஃபுல்லா அதே பேச்சுதான். ஒரே ஒரு சந்தேகம். பசங்க சும்மா தடவ மாட்டாங்க. தட்டுவாங்க, சாய்வாங்க, கன்னத்தை வெச்சுப் பாப்பாங்க. இது தானா உடையாதுல்ல?"

"அந்தக் கவலையே வேணாம்மா. வேற வேற கண்ணாடியைச் சேத்தாதான் ரெண்டு நாளோ ரெண்டு மாசமோ கழிச்சுத் தானா வெடிக்கும். இது மொத்தமும் ஒரே வீட்டுக் கண்ணாடி. எழுதி வெச்சுதான் எடுக்கறேன்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் கணவர் சுரேஷ்குமார் காபி டம்ளரோடு நின்றிருந்தார். ரயில்வே புக்கிங் கவுன்ட்டரில் இருபத்தெட்டு வருஷம். ஒருவருக்கும் தப்பான ஊருக்கு டிக்கெட் கொடுத்ததில்லை என்று சொல்லிக்கொள்கிறவர். காபியைக் குடிக்காமல் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜலஜா."

"ம்."

"ஆயுத பூஜைக்கு நான் கண்ணாடியெல்லாம் கழுவினேன்ல?"

"கழுவினீங்க, பொட்டும் வெச்சீங்க. காஞ்ச சந்தனத்தைச் சுரண்டறதுக்குள்ள எனக்கு உயிர் போச்சு."

"எழுத்தும் போயிடுச்சு."

"எந்த எழுத்து?"

"மூலைல நீ எழுதி வெச்சிருந்தியே, அது."

"இருந்துச்சே. நான் பாத்தேனே."

"நீ பாத்தது நான் எழுதினது."

ஜலஜா நாற்காலியில் உட்கார்ந்தாள். சுரேஷ்குமார் நின்றபடியே, கமிஷன் விசாரணைக்கு வந்தவர்போல, நடந்ததை வரிசையாகச் சொன்னார். பூஜைக்கு முந்தின நாள் அவருக்கு லீவு. ஜலஜா பள்ளி வாசலை அளக்க அடையாறு போயிருந்தாள். அவளுடைய ஆயுதங்களையெல்லாம் பளபளவென்று ஆக்கி அசத்தலாம் என்று நினைத்தார். கட்டர், இடுக்கி, கையுறை எல்லாம் துடைத்தாயிற்று. கண்ணாடிகள் மட்டும் தூசியோடு நின்றன. நாற்பத்தாறு கண்ணாடிகளையும் மொட்டைமாடிக்குக் கொண்டுவந்து, பாத்திரம் தேய்க்கிற பவுடர் போட்டுத் தேய்த்து, கைப்பிடிச் சுவரில் சாய்த்துக் காயவைத்தார். மழை வந்தது. ஓடி ஓடி எல்லாவற்றையும் உள்ளே கொண்டுபோய்ச் சட்டத்தில் சொருகினார். அப்புறம்தான் மூலைகளைப் பார்த்தார்.

"எப்படி எழுதினீங்க?"

"இடது பக்கம் பாதி ம, வலது பக்கம் பாதி ஆ. முன்னாடி அப்படித்தானே நின்னுது. உன் கையெழுத்து மாதிரியே போட்டேன்."

"மழைல தூக்கிட்டு ஓடும்போது எது எந்தப் பக்கம் போச்சுன்னு தெரியுமா?"

அவர் ஆறிப்போன காபியை ஒரே மடக்கில் குடித்தார்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீ உலையை மூடிட்ட. அப்புறம் நல்லா வந்துடுச்சு. நல்லா வந்ததுக்கப்புறம் எதுக்கு உன்னைக் கலவரப்படுத்தணும்னு..."

வலை ஹாலில் மேஜையின் மேல் நின்றது. ஒன்பது கிலோ. ஜன்னல் வழியாக வந்த வெயில் அதில் விழுந்து, சுவரெல்லாம் பச்சை நிறத்தில் கண்ணி போட்டிருந்தது. பதினோராயிரம் பேர் பார்த்த பொருள். ஜலஜாவுக்கு அதில் ஒரு முடிச்சுகூட அழகாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு பிள்ளைகளின் கைகள் தெரிந்தன. அவர்களில் சிலருக்கு விரல்தான் கண். கன்னத்தை வைத்துப் பார்ப்பார்கள் என்று ஸஹானா சொல்லியிருந்தாள்.

வேறொன்று செய்ய அச்சுக்கு ஒரு வாரம், உலைக்கு மூன்று நாள் வேண்டும். திங்கட்கிழமைக்கு நடக்காது. வேண்டாம், கொண்டுவரவில்லை என்று சொல்லிவிட போனை எடுத்தாள். எடுத்தவள் நிறுத்தினாள். வெளிநாட்டில் கண்ணாடி வேலை செய்கிற ஒருவர் ஒருமுறை இணையத்தில் காட்டியது ஞாபகம் வந்தது. டிவி திரையில் வெறும் வெள்ளையை ஓடவிட்டு, ஒளியை ஒரே திசையில் மட்டும் விடுகிற போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அதை மெதுவாகத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை கறுத்துவிடும். அந்தக் கறுப்புக்கு முன்னால் வார்த்த கண்ணாடியை வைத்தால், உள்ளே இழுபறி இருக்கிற இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துக் காட்டும். இழுபறி இல்லாவிட்டால் அதுவும் கறுப்பாகவே இருக்கும்.

"கூலிங் கிளாஸா? என்கிட்ட இருக்கே!" சுரேஷ்குமாருக்கு உயிர் வந்தது. "பாண்டி பஜார் பிளாட்ஃபார்ம்ல வாங்கினது. போலரைஸ்டுன்னு ஸ்டிக்கரே ஒட்டியிருந்துச்சு."

டிவியைப் போட்டு, அதன் முன்னால் நின்று, கண்ணாடியைக் குறுக்கே பிடித்து, நெடுக்கே பிடித்து, தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்கள். செய்தி வாசிக்கிற பெண் எல்லாக் கோணத்திலும் தெளிவாகச் சிரித்தாள்.

"ஸ்டிக்கர்தான் போலரைஸ்டு," என்றாள் ஜலஜா. செருப்பை மாட்டினாள். "வலியுல்லா பாய் கடைக்குப் போய்ட்டு வரேன்."

"நானும் வரேன்."

"வேணாம். இங்கேயே உக்காந்து அதைப் பாத்துக்கிட்டு இருங்க. பக்கத்துல போகாதீங்க. சத்தம் கேட்டா போன் பண்ணுங்க."

"என்ன சத்தம்?"

"கேட்டா தெரியும்."

தீபாவளிக்குப் பதினைந்து நாள் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமையில் மேற்கு மாம்பலத்திலிருந்து ரங்கநாதன் தெருவுக்குப் போவதை நடப்பது என்று சொல்ல முடியாது. மாம்பலம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறி நின்றால் போதும், மற்றவர்கள் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். பாலத்தின் மேல் ஒரு தாத்தா பனியன் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டதில் இருபது பேர் பின்னால் மோதிக்கொண்டார்கள். கீழே, நைட்டி விற்கிறவன் ஸ்டூல் மேல் ஏறி, பார்க்கிற எல்லாரையும் அத்தை என்று கூப்பிட்டான். போலீஸ் மைக்கில் காணாமல்போன குழந்தையின் சட்டை நிறத்தைச் சொன்னார்கள். ஜலஜா கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்கையால் வழி விலக்கி, பக்கத்துச் சந்தில் திரும்பினாள்.

வலியுல்லா அந்தச் சந்தில் முப்பது வருஷமாக மூக்குக்கண்ணாடி விற்கிறார். ஜலஜாவின் படிக்கிற கண்ணாடி அவர் போட்டது.

"வாங்கம்மா. பவர் ஏறிடுச்சா?"

"இல்ல பாய். ஒரு போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வேணும். நிஜமானது."

"என்கிட்ட எல்லாம் நிஜம்தான். வண்டி ஓட்டவா, பீச்சுக்கா?"

"டிவி பாக்க."

வலியுல்லா கையிலிருந்த துணியைக் கீழே வைத்தார். "டிவிக்கு அதைப் போடக் கூடாதும்மா. தலையை ஒரு பக்கம் சாய்ச்சா திரை கறுப்பாயிடும், ஒண்ணும் தெரியாது."

"அதான் பாய் வேணும். ஒண்ணும் தெரியக் கூடாது."

"முப்பது வருஷத்துல டிவி தெரியக் கூடாதுன்னு கண்ணாடி கேட்ட மொத ஆளு நீங்கதான். வீட்ல அவ்ளோ சீரியலா?"

ஜலஜா விஷயத்தைச் சொன்னாள். அவர் சிரிப்பதை நிறுத்திவிட்டு அலமாரியைத் திறந்தார். ஒன்றை எடுத்துத் தன் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் பிடித்துத் திருப்பிக் காட்டினார். திரை மெல்ல இருண்டு கறுத்தது. "இது கடைல காட்டறதுக்கு வெச்சிருக்கறது. எடுத்துட்டுப் போங்க. வேலை முடிஞ்சதும் கொண்டாந்து குடுங்க. என்ன வந்துச்சுன்னு சொல்லணும், அவ்ளோதான்."

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் கைப்பைக்குள் போன் அடித்தது. சுரேஷ்குமார். ஜலஜா கூட்டத்திலிருந்து ஓரமாக ஒதுங்கினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எடுத்தாள். கீழே தாம்பரம் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நுழைந்தது.

"என்னங்க? என்ன ஆச்சு?"

"...சில் வந்துடுச்சு!"

"என்ன வந்துடுச்சு? உடைஞ்சிடுச்சா?"

"விசில்! குக்கர் விசில்! சாம்பாருக்குப் பருப்பு வெச்சேன். எத்தனை விசில்ல அணைக்கணும்?"

"நாலு!" என்று ஜலஜா கத்திய கத்தலில் பாலத்தில் முன்னால் போனவர்கள் இரண்டு பேர் விலகி வழி விட்டார்கள்.

வீட்டில் ஜன்னல்களைப் போர்வையால் மூடினார்கள். வெள்ளைத் தாள் ஒன்றைப் படம் எடுத்து டிவியில் போட்டாள். கூலிங் கிளாஸை மாட்டாமல், கண்ணுக்கு முன்னால் கையில் பிடித்துத் திருப்பினாள். வெள்ளை சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகியது. அந்தக் கோணத்திலேயே கையை நிறுத்திக்கொண்டாள்.

"முதல்ல பேப்பர்வெயிட்டைக் காட்டுங்க."

நாத்தனார் வீட்டில் வெடித்த துண்டுகளை அவள் தூக்கிப்போடவில்லை. சுரேஷ்குமார் பெரிய துண்டைத் திரைக்கு முன்னால் நீட்டினார். இரண்டு கண்ணாடிகள் சேர்ந்திருந்த கோட்டை ஒட்டி, டார்ச் அடித்ததுபோல் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் எரிந்தன. ஓரத்தில் மஞ்சளும் நீலமும். வெடித்து இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அதற்குள் சண்டை ஓயவில்லை.

"சரி. இது வேலை செய்யுது. வலையை எடுத்துட்டு வாங்க. மெதுவா."

சுரேஷ்குமார் ஒன்பது கிலோவையும் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி வந்து, டிவிக்கு முன்னால் ஸ்டூலில் நிறுத்தினார். ஜலஜா கீழிருந்து பார்க்க ஆரம்பித்தாள். அடிப்பகுதி கறுப்பு. நடு கறுப்பு. முடிச்சுகளின் விளிம்பில் மெல்லிய சாம்பல், அது பரவாயில்லை. இடது பக்கம் கறுப்பு. வலது பக்கம் மேலே ஏறினாள். அங்கே ஒரு கீற்று வெளிச்சம் துடித்தது.

அவள் இன்னும் கிட்டே குனிந்தாள். கீற்று மறைந்தது. மறுபடி துடித்தது.

"என்ன? என்ன?" என்றார் சுரேஷ்குமார்.

இழுபறி என்றால் நின்று எரியவேண்டும். இது எதற்கு வந்து வந்து போகிறது? ஜலஜா கூலிங் கிளாஸைத் தாழ்த்தித் திரும்பிப் பார்த்தாள். ஜன்னல் போர்வையின் ஒரு முனை காற்றில் தூக்கித் தூக்கி விழுந்தது.

"ஃபேனை நிறுத்துங்க!"

ஃபேன் நின்றது. போர்வை விழுந்தது. கீற்று போயேவிட்டது. வலது பக்கம் கறுப்பு. மேலே கறுப்பு. ஸ்டூலைத் திருப்பச் சொல்லிப் பின்பக்கம் பார்த்தாள். இன்னொரு முறை கீழிருந்து மேலே போனாள். பிறகு கூலிங் கிளாஸை அவர் கையில் கொடுத்து அவரையும் பார்க்கச் சொன்னாள்.

"ஒண்ணுமே தெரியலையே ஜலஜா."

"ஒண்ணுமே தெரியலங்க," என்று சொல்லி, ஜலஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து காபிகூடக் குடிக்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. சுரேஷ்குமார் போர்வைகளை விலக்கினார். வெயில் உள்ளே வந்து, பச்சைக் கண்ணிகளை மறுபடி சுவரில் எறிந்தது. இந்த முறை அவளுக்கு அது நன்றாக இருந்தது.

சாம்பாரில் பருப்பு கரைந்து கஞ்சியாகிவிட்டிருந்தது. நாலு விசிலுக்குப் பதில் ஏழு. அதையே இருவரும் இரண்டாவது தடவை போட்டுச் சாப்பிட்டார்கள். சாப்பிடும்போதுதான் ஜலஜாவுக்கு அடுத்த கேள்வி வந்தது. நாற்பத்தாறு கண்ணாடிகள் கலந்து கிடந்தன. அவற்றிலிருந்து பதினான்கை எடுத்திருக்கிறாள். பதினான்கும் எப்படி ஒரே வீட்டுடையதாக அமையும்?

கையைக் கழுவிவிட்டு போனை எடுத்தாள். நாற்பத்தோராவது நொடியைக் கேட்டவரைத் தேடிப் பிடித்தாள். பிறகு தன்னுடைய வீடியோவை, வேறு யாருடையதையோ பார்ப்பதுபோல், நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள்.

கண்ணாடிகள் மரச் சட்டத்தில் அலமாரிப் புத்தகங்கள்போல் செங்குத்தாக நிற்கின்றன. விளிம்பு மட்டும்தான் வெளியே தெரிகிறது. கை ஒரு கண்ணாடியைப் பாதி உருவி, விளிம்பை ஜன்னல் பக்கம் சாய்க்கிறது. ஒரு கணம் நிற்கிறது. அந்தக் கண்ணாடியின் மூலையில் 'ம' என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கை அதை ஒதுக்கி வைக்கிறது. அடுத்ததும் 'ம'. அதுவும் ஒதுங்குகிறது. பிறகு கை வலது பக்கம் போகிறது. 'ஆ' என்று எழுதிய ஒன்றை எடுத்து, விளிம்பைப் பார்த்து, தயங்காமல் அறுக்கிற மேஜைக்குக் கொண்டுபோகிறது.

மாம்பலம் வீட்டுக் கண்ணாடியின் விளிம்பு வெற்றிலைப் பச்சையாக இருக்கும். ஆதம்பாக்கத்துடையது கொஞ்சம் நீலம் ஓடிய பச்சை. வலைக்கு அவள் தேடியது மாம்பலம் வீட்டை; ஒதுங்கிய இரண்டின் விளிம்பிலும் நீலம் ஓடியிருந்தது. செய்தித்தாளில் சுற்றிய உடைந்த துண்டோடு வந்து இதே மாதிரி வேண்டும் என்று நின்றவர்களுக்கு, இருபத்தொரு வருஷம் அவள் விளிம்பைப் பார்த்துத்தான் எடுத்துக் கொடுத்தாள். எழுத்தைப் பார்த்து எடுப்பதாக அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"இங்க வாங்க. இதைப் பாருங்க."

சுரேஷ்குமார் பார்த்தார். இரண்டாவது முறை ஓடவிட்டுப் பார்த்தார். "அப்போ நான் எழுதினதால ஒண்ணும் ஆகல."

"நீங்க எழுதினதை யாரும் படிக்கவே இல்ல."

"கையெழுத்து நல்லா இருக்குல்ல?"

"அடுத்த வருஷம் ஆயுத பூஜைக்கு உங்க ஸ்டேஷன்ல போய் டிக்கெட் மெஷினைக் கழுவுங்க."

நாற்பத்தோராவது நொடிக்காரருக்கு ஜலஜா பதில் எழுத உட்கார்ந்தாள். ஆயுத பூஜை, மழை, மார்க்கர், டிவி எல்லாவற்றையும் எழுதினாள். "நீங்கள் கேட்டபோது எனக்கே பதில் தெரியாது," என்று முடித்தாள். பிறகு ஸஹானாவுக்குப் போன் செய்து, காலையில் தான் சொன்னது எவ்வளவு தெரியாமல் சொன்னது என்பதையும், இப்போது என்ன பார்த்தாள் என்பதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்க ஸ்கூல்ல மேஜை, நாற்காலி, ஃபேன், எதையும் யாரும் இப்படிச் சோதிச்சதில்ல. இது ஒண்ணுதான் சோதிச்சுப் பாத்த பொருள். கொண்டு வாங்க."

திங்கட்கிழமை பத்து மணிக்கு வலை பள்ளி வாசலில், இடுப்பளவு சிமென்ட் மேடையில் நின்றது. சுரேஷ்குமார் லீவு போட்டிருந்தார். ஏற்றி இறக்கும்போது ஆட்டோ டிரைவரிடம் எட்டு முறை 'பாத்து' என்று சொல்லியிருந்தார். ரத்னா சாந்தோமிலிருந்து நேராக வந்திருந்தாள். வியாபாரம் முடித்துக் குளித்து, தலையில் பூவோடு, கல்யாண வீட்டுக்கு வந்தவள்போல் மேடைக்குப் பக்கத்தில் நின்றாள்.

பிள்ளைகள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்தபடி வந்தார்கள். முதலில் வந்த பெண்ணுக்கு ஏழு வயதிருக்கும், பெயர் தமிழ்நிலா. ஸஹானா அவள் கையைக் கண்ணாடியின் மேல் வைத்துவிட்டு விலகினாள். விரல்கள் ஒரு முடிச்சில் நின்றன. அங்கிருந்து கயிறு வழியாக அடுத்த முடிச்சுக்குப் போயின. கண்ணிக்குள் விழுந்து ஏறின. இரண்டு கையையும் போட்டாள். ஸஹானா சொன்னபடியே கன்னத்தை வைத்தாள். தட்டினாள். நன்றாகவே தட்டினாள். ஜலஜா நின்ற இடத்திலேயே நின்றாள். கறுப்பு, கறுப்பு, கறுப்பு என்று மனதுக்குள் அடியிலிருந்து மேல்வரை ஒருமுறை ஏறி இறங்கினாள்.

"வலை!" என்றாள் தமிழ்நிலா. "மீன் வலை. எங்க தாத்தா வெச்சிருந்தாரு." அடியிலிருந்து உச்சிவரை மறுபடி தேடினாள். ஒரு கண்ணி விடவில்லை. "மீன் எங்க?"

ஜலஜா ஸஹானாவைப் பார்த்தாள். ஸஹானா சுரேஷ்குமாரைப் பார்த்தாள்.

"காலையிலேயே வித்துட்டேன் கண்ணு," என்றாள் ரத்னா.